பெட்டியில் வாட்ஸ் இருக்கிறது, பிஎஸ்ஐ எங்கே?

விசிறியால் காற்றை ஊதிப் பெயின்டைத் தெளிக்கும் கைமெஷினை, கார் பெயின்ட் அடிக்க டர்பைன் மெஷின் என்று விற்கிறவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு நம்பர். கன்னின் ஏர் கேப்பில், அதாவது காற்று வெளியே வரும் முனை மூடியில், எத்தனை பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வருகிறது? அதை மட்டும் சொல்லவே மாட்டார்கள். 700 வாட்ஸ் என்பார்கள். நாலு நாசில் இலவசம் என்பார்கள். கப் எத்தனை மில்லி, ஒயர் எத்தனை மீட்டர், எல்லாம் இருக்கும். 'ஹெச்விஎல்பி' (ஹை வால்யூம் லோ பிரஷர்: நிறையக் காற்று, குறைந்த அழுத்தம்) என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் சிவப்புக் கார் படத்தையும் ஒட்டியிருப்பார்கள். காருக்கு எது முக்கியமோ அந்த நம்பர் மட்டும் பெட்டியின் ஆறு பக்கத்திலும் இருக்காது. தெரியாமல் விட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். போட்டால் ஒருவரும் காருக்கு வாங்க மாட்டார்கள், அதனால்தான் போடுவதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அந்தப் பெட்டியை வாங்கியவர்கள் கடைசியில் வந்து நிற்பது என்னைப் போன்றவர்களிடம். சென்னை கொரட்டூரில் சின்னதாக ஒரு டிங்கரிங், பெயின்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது, வீட்டு வாசலில் தானே அடித்துக் கெடுத்த வண்டியோடு வந்துவிடுகிறார். கடைசியாக வந்தது ஒரு கிரே மெட்டாலிக் காரின் பின்பக்கக் கதவு. ஆட்டோ உரசியதில் சின்ன டென்ட். பட்டி நன்றாகவே பார்த்திருந்தார், பிரைமரும் பரவாயில்லை. பாவம், பொறுமையான மனிதர். வாட்டர் பேப்பர் போட்ட இடத்தைப் பார்த்தாலே அவர் எடுத்துக்கொண்ட அக்கறை தெரிந்தது. ஆனால் கலர் அடித்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கதவு முழுக்கத் தேமல் படர்ந்த மாதிரி திட்டுத் திட்டாக வெள்ளையும் கருப்பும். கைப்பிடிக்குக் கீழே தடவினால் மணல். அதற்கு ஒரு ஜாண் தள்ளி வழிந்து இறங்கிய கோடு. ஒரே கதவில் ஒரு இடம் காய்ந்துபோய், இன்னொரு இடம் வழிந்து.

"அண்ணே, மேல ஒரு கிளியர் மட்டும் அடிச்சு பாலிஷ் போட்டுக் குடுத்துருங்க. போதும்" என்கிறார்.

எப்படிப் போதும்? கிளியர் என்பது கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு. கண்ணாடி மாதிரியானது, அடியில் இருப்பதை அப்படியே காட்டும். மெட்டாலிக் பெயின்டில் இருக்கும் அலுமினியத் துகள்கள் ஒரே சீராகப் படுத்தால்தான் ஷேட் ஒன்றாகத் தெரியும். அதற்குப் பெயின்ட் மிகப் பொடியாக உடைந்து பனியாக வந்து விழ வேண்டும். அழுத்தம் பத்தாவிட்டால் பெயின்ட் துளித்துளியாகக் கொட்டும். பெரிய துளி விழுந்த இடத்தில் துகள்கள் மிதந்து கூட்டமாக ஒதுங்கும், அது ஒரு திட்டு. பக்கத்தில் காற்றிலேயே பாதி காய்ந்து வந்து ஒட்டியது இன்னொரு திட்டு. இதை எந்தப் பாலிஷாலும் மறைக்க முடியாது. பழையபடி தேய்த்து இறக்கி, கலரிலிருந்து தொடங்க வேண்டும். அவர் மெஷினுக்குக் கொடுத்தது, பெயின்டுக்குக் கொடுத்தது, இப்போது எனக்குக் கொடுப்பது மூன்றையும் கூட்டினால், முதலிலேயே ஒரு நல்ல ஷெட்டில் விட்டு இரண்டு பேனல் அடித்திருக்கலாம். இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலையும் எனக்குத்தான். பாதிப் பேர் நான் பணம் பிடுங்கப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். மெஷின் விற்றவனுக்கு ஒரு கெட்ட பெயரும் இல்லை.

சரி, கணக்கையே பார்ப்போம். ஹெச்விஎல்பி கன் என்றால் ஏர் கேப்பில் அதிகபட்சம் 10 பிஎஸ்ஐ. அது மேல் வரம்பு. கம்ப்ரசரில் ஓடும் நல்ல கன் அந்தப் பத்தைத் தொடும், அதுவும் குறையாத காற்றோடு. டர்பைனில் அழுத்தம் வருவது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய விசிறிகளால். ஒரு விசிறி தள்ளும் காற்றை அடுத்தது வாங்கி இன்னும் அழுத்தித் தள்ளும். அதைத்தான் ஸ்டேஜ் என்கிறோம். மூன்று ஸ்டேஜ் மெஷினில் சுமார் 6 பிஎஸ்ஐ, நாலு ஸ்டேஜில் ஏழு ஏழரை, ஐந்து ஸ்டேஜில் ஒன்பதை ஒட்டி வரும். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் கைமெஷினுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு விசிறி. இரண்டு, மூன்று பிஎஸ்ஐ வந்தாலே பெரிது. வாட்ஸ் என்பது மோட்டார் தின்னும் கரண்ட்டின் கணக்கு. அதில் எவ்வளவு அழுத்தமாக மாறுகிறது, எவ்வளவு சத்தமாகவும் சூடாகவும் போகிறது என்று வாட்ஸ் சொல்லாது. 700ஐ 1200 ஆக்கினாலும் விசிறி ஒன்றேதான் என்றால், காற்று கூடுதலாக வரலாம், பெயின்டை உடைக்கும் அழுத்தம் அந்த அளவுக்கு வராது.

இந்தக் கைமெஷின் கேட்டுக்கும் கிரில்லுக்கும் எனாமல் அடிக்க உதவும். காம்பவுண்டு சுவருக்கு அடிக்கலாம். அப்படிச் சொல்லி விற்றால் நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

உண்மையான டர்பைனை நான் குறை சொல்லவில்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாலு ஸ்டேஜ் டர்பைன் ஒன்று என் ஷெட்டிலேயே இருக்கிறது. பிரைமருக்கும், ஆட்டோவுக்கும், லோடு வண்டி பாடிக்கும், மெட்டாலிக் இல்லாத சாதாரண வெள்ளை, கருப்புக்கும் அதை விரும்பியே எடுப்பேன். பெயின்ட் காற்றில் வீணாவது குறைவு. பழைய பிரஷர் கன்னில் பாதிக்கு மேல் புகையாகப் போகும். ஹெச்விஎல்பியில் குறைந்தது 65 சதவீதமாவது பொருளில் ஒட்ட வேண்டும் என்று கலிபோர்னியாவில் விதியே உண்டு. அப்புறம் தண்ணீர்ப் பிரச்சினை. நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், கம்ப்ரசர் வைத்திருக்கிறவன் படும் பாடு கொஞ்சமில்லை. காலையில் டேங்க்கின் வால்வைத் திறந்தால் பழுப்புத் தண்ணீராகக் கொட்டும். தண்ணீரைப் பிடிக்கும் டிராப் போட்டாலும் தப்பி வரும் ஒரு சொட்டு போதும், கிளியரில் குழி விழ. டர்பைன் காற்று சூடாக, உலர்ந்து வருவதால் அந்தத் தொல்லை இல்லை. இந்த நல்ல குணமெல்லாம் பல ஸ்டேஜ் வைத்த, பல பத்தாயிரம் கொடுத்து வாங்கும் மெஷினுடைய குணம். அந்தப் பெயரைத் திருடி இந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

நல்ல டர்பைனுக்கே சென்னையில் தனிக் கவனம் வேண்டும். அந்தச் சூடான காற்று மார்கழியில் வரம், கத்திரி வெயிலில் தொல்லை. வெளியே நாற்பது டிகிரி. ஷெட்டுக்குத் தகரக் கூரை. மெஷினிலிருந்து வரும் காற்று அதைவிடச் சூடு. வேகமாக ஆவியாகும் மலிவுத் தின்னரை ஊற்றியிருந்தால் கன்னிலிருந்து கதவுக்குப் போவதற்குள்ளேயே பெயின்ட் காய ஆரம்பித்துவிடும். அதற்கு மெதுவாக ஆவியாகும் தின்னர் வேண்டும், கன்னைக் கொஞ்சம் கிட்டே பிடிக்க வேண்டும், நீளமான ஹோஸ் போட்டுக் காற்றை ஆற விட வேண்டும். மோட்டாரே கன்னில் ஒட்டிக்கொண்டிருக்கும் கைமெஷினில் ஆறுவதற்கு இடம் ஏது?

அடுத்தது வோல்டேஜ். மே மாதச் சாயங்காலம் தெருவே ஏசி போட்டிருக்கும்போது, மாடியிலிருந்து மெல்லிசு ஒயரில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து மெஷினை ஓட்டுகிறார்கள். கரண்ட் இறங்கினால் மோட்டார் சுற்று குறையும், அழுத்தம் இறங்கும். முதல் கோட் ஒரு மாதிரி, இரண்டாவது கோட் வேறு மாதிரி. மதியத்துக்குமேல் கடல் காற்று எழுந்தால் தெருப் புழுதி மொத்தமும் ஈரக் கிளியரில் வந்து உட்காரும். நாங்கள் தரையில் தண்ணீர் தெளித்து, ஷீட் இறக்கி, காலை நேரம் பார்த்து அடிப்பது இதற்காகத்தான். விளம்பர வீடியோவில் இதில் எதையாவது காட்டுகிறார்களா? திறந்த மொட்டை மாடி, வெயில், ஒரு கை கன்னில், ஒரு கை இடுப்பில். அடித்த பேனலைக் கிட்டத்தில் காட்டும்போது மட்டும் வீடியோ சட்டென்று வெட்டி வேறு வெளிச்சத்துக்குப் போய்விடும்.

மெஷின் உடைக்காததைத் தின்னர் உடைக்கும் என்று ஒரு யோசனை வேறு. பெயின்ட் வரவில்லையா, இன்னும் தின்னர் ஊற்று. பெயின்டின் கெட்டித்தன்மையை அளக்க, அடியில் சுமார் நாலு மில்லிமீட்டர் ஓட்டை வைத்த ஃபோர்டு கப்பில் பதினெட்டு, இருபது செகண்டில் இறங்க வேண்டிய பெயின்டைத் தண்ணீராக்கிவிடுகிறார்கள். துளி சின்னதாகும், உண்மைதான். கலர் மூட நாலு கோட்டுக்குப் பதில் எட்டு கோட் ஆகும், ஓரத்தில் வழியும். கிளியரில் அப்படி ஊற்றினால், உள்ளே மாட்டிய தின்னர் பின்னால் கொப்பளமாக வெடிக்கும், இல்லையென்றால் ஒரே மாதத்தில் பளபளப்பு செத்துப்போகும். ஊற்றாமல் கெட்டியாக அடித்தால் ஆரஞ்சு பீல், அதாவது ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம். அதைத் தேய்த்துச் சமமாக்கலாம் என்றால், கிளியர் மொத்தமே ஐம்பது மைக்ரான் சொச்சம்தான் இருக்கும். மேடு பள்ளமோ ஆழம். 1500 பேப்பரில் தேய்க்கத் தேய்க்கக் கலர் தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தோடு போகும். இனிமேல் சொல்வது உயிர் விஷயம்.

அந்தக் கைமெஷினின் மோட்டாரில் கார்பன் பிரஷ் இருக்கிறது. ஓடும்போது அதில் பொறி பறக்கும், இருட்டில் பார்த்தால் காற்றுத் துளை வழியாக நீலமாகத் தெரியும். மோட்டார் காற்றை உறிஞ்சுவது கன்னுக்குப் பக்கத்திலிருந்து, அதாவது தின்னர் புகை சூழ்ந்த இடத்திலிருந்தே. பின்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள், பில்டர் ஸ்பாஞ்சில் நீங்கள் அடித்த கலரே படிந்திருக்கும். தின்னரில் இருக்கும் டொலுவீன் 4 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். அசிட்டோன் உறைநிலைக்குக் கீழேயே விடும். சென்னையில் எந்த மாதம் அந்தக் குளிர் அடிக்கிறது? இதனால்தான் நல்ல டர்பைன்களில் மோட்டாரைத் தனிப் பெட்டியில் வைத்து, நீள ஹோஸ் கொடுத்து, பெட்டியை அடிக்கும் இடத்துக்கு வெளியே வை என்கிறார்கள். இந்தக் கைமெஷின்கள் பலவற்றின் கையேட்டிலேயே, இத்தனை டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் திரவங்களை இதில் போடாதே என்று பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. அப்படியென்றால் கார் பெயின்டும் அதன் தின்னரும் அந்த மெஷினுக்கு ஆகாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்! பெட்டிக்கு மேலே கார் படம், பெட்டிக்குள்ளே காருக்கு ஆகாது என்ற வரி.

ஹார்டனர் கதை இதைவிட மோசம். இன்றைக்குக் காருக்கு அடிக்கும் கிளியர் பெரும்பாலும் டூ-கே பியூ, அதாவது ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் பாலியூரித்தேன். அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஸ்பிரே பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வருவதற்குப் பேர்போன காரணம் அது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், அதன்பின் துளியூண்டு பட்டாலே மூச்சு திணறும். வாசனையை வைத்து உஷாராகவும் முடியாது, மூக்குக்குத் தெரியும் அளவு வருவதற்குள் ஆபத்தான அளவைத் தாண்டியிருக்கும். துணி மாஸ்க் இதற்கு ஒன்றுமே செய்யாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி போட்டு, காற்றை வடிகட்டி வெளியேற்றும் மூடிய பெயின்ட் அறையான பூத்துக்குள் நின்று அடிக்க வேண்டிய சரக்கு இது. இந்தத் தொழிலில் இருமி இருமி வீட்டில் உட்கார்ந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்லத் தெரிந்தும் சொல்லாமல், கைக்குட்டை கட்டிக்கொண்டு போர்டிகோவில் கிளியர் அடிக்கும் வீடியோவைப் போட்டு, கீழே வாங்குவதற்கு லிங்க் கொடுக்கிறார்கள். பக்கத்து அறை ஜன்னல் திறந்திருக்கிறது, உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்கிறது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் 2008ல் வந்த விதிப்படி, குரோமியம், ஈயம் போன்ற உலோகம் கலந்த பெயின்டை வண்டிக்கு அடிக்கும் ஷெட்களில் கன் ஹெச்விஎல்பியாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தால் மட்டும் போதாது. பூத் வேண்டும், அதன் பில்டர் காற்றில் பறக்கும் பெயின்ட் துளியில் 98 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும், அடிக்கிறவர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அங்கிருந்து ஹெச்விஎல்பி என்ற நாலெழுத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, பூத்தையும் பில்டரையும் பயிற்சியையும் கடலில் போட்டுவிட்டார்கள்.

சொந்தக் காரைத் தானே அடிக்க ஆசைப்படுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஒரு பேனலுக்கு ஷெட்களில் கேட்கும் காசு எனக்குத் தெரியும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றுக்குக் கதவின் அடி ஓரம் வருஷா வருஷம் துருப்பிடிக்கிறது, எத்தனை முறைதான் கொடுப்பார்கள்? கம்ப்ரசர் வாங்கினால் வைக்க இடமில்லை, ஹெச்விஎல்பி கன்னுக்கு நிமிஷத்துக்கு 10, 15 கன அடி (சிஎஃப்எம்) காற்றுக் கொடுக்கிற கம்ப்ரசர் பிளாட்டின் லிப்டுக்குள்ளேயே போகாது. வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜிபி ரோட்டில் போய்க் கேட்டால் ஆளுக்கொரு யோசனை. அந்த இக்கட்டில் இருக்கிறவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் விற்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஸ்டேஜ்? ஏர் கேப்பில் எத்தனை பிஎஸ்ஐ? டூ-கே கிளியர் போடலாம் என்று எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் காசை எடுக்காதீர்கள். விற்கிறவர்களே, உங்களுக்கும் ஒன்று: காருக்கு ஆகும் என்று சொல்லும் அந்த வீடியோக்களை எடுத்துவிடுங்கள். எடுக்க மாட்டீர்கள் என்றால், கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை, கார் படத்துக்குப் பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில், தமிழில் போட்டு விற்றுப் பாருங்கள்.