கப்பு வாங்குறதுக்கு மட்டுமா கிளப்பு?

நேத்து ராத்திரி நம்ம ஊரு ஃபுட்பால் கிளப்பு குரூப்பில் வந்த அந்த வாய்ஸ் மெசேஜை எல்லாரும் கேட்டிருப்பீங்க. பேசினது யாருன்னு நான் சொல்லப் போறதில்லை, உங்களுக்கே தெரியும். திருவிழா செவன்ஸில், அதான் ஏழு பேர் ஆடுற போட்டியில், நம்ம பயலுவ முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தது எனக்கும் வலிதான். 0-3 தோற்றுப்போனதை மறைக்க முடியாது. ஆனா "கீழ் டிவிஷன்ல கிடக்குற கிளப்புக்கு எதுக்கு லீக்கு? அந்தப் பைசாவ எடுத்து அடுத்த வருசம் நாலு கெஸ்ட (காசுக்கு ஆட வர்ற வெளியூர் ஆள) இறக்குங்க, இல்லன்னா கிளப்ப கலைச்சிருங்க" என்று சொன்னதும், அதுக்குக் கீழே 34 பேர் கைதட்டினதும்தான் மனசில் அறைஞ்ச மாதிரி இருக்கு.

ஒரே விஷயம்தான் சொல்றேன். சீசன் முழுக்க நடக்கிற லீக் ஆடுறதுதான் கிளப்பு. லீக் ஆடாம திருவிழாவுக்குத் திருவிழா சட்டை போட்டுட்டு இறங்குறது ஒரு டீம். அந்த ராத்திரிக்கு அது டீம், விடிஞ்சா ஒண்ணும் கிடையாது.

செவன்ஸை நான் குறை சொல்ல வரலை. நம்ம கடப்புறத்தில் அதைப் பார்த்து வளராத ஆள் யாரு? ஆனா செவன்ஸ் எதைக் கத்துக்கொடுக்குது, எதைக் கத்துக்கொடுக்கலைன்னு தெரிஞ்சு பேசணும். சின்ன கிரவுண்டு, பெரும்பாலும் ஆஃப்சைடு (பந்து அனுப்புற நேரத்தில் எதிராளியோட கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்னா தப்புங்குற விதி) கிடையாது, பாதிக்கு 20, 25 நிமிசம். பந்தை வாங்கித் திரும்புறது, நெருக்கத்தில் டிரிபிள், உடம்பு மோதல், சட்டுனு ஷூட், இதெல்லாம் அங்கே நல்லா வரும். ஆனா 90 நிமிசம் மூச்சைப் பங்குபோட்டு ஓடுறது வராது. முக்கியமா டிஃபென்ஸ் லைன், அதான் நாலு டிஃபெண்டரும் ஒரே கோட்டில் ஏறி இறங்குறது, வராது. போன சீசனில் நாம வாங்கின கோல்களை எடுத்துப் பாருங்க. பாதிக்கு மேல ஒரே மாதிரி. மூணு பேர் முன்னாடி ஏறிட்டாங்க, ரைட் பேக் மட்டும் ரெண்டு அடி பின்னாடி நிக்கிறான். அவன் ஒருத்தன் நிக்கிறதால எதிராளி ஸ்டிரைக்கர் ஆன்சைடு. பையன் மேல தப்பில்லை. பத்து வருசமா ஆஃப்சைடே இல்லாத கிரவுண்டில் ஆடினவனுக்கு ஏறி நிக்கணும்னு கால் எப்படிச் சொல்லும்?

அதுக்கு மருந்து இருக்கு. பழைய வள்ளக் கயிறு ஒண்ணு எடுத்து, 8 மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, நாலு டிஃபெண்டரும் ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடிச்சுட்டு நகரணும். பந்து வலது பக்கம் போனா நாலு பேரும் வலது பக்கம், எதிராளி பந்தைத் தன் பக்கம் பின்னாடி தட்டினா நாலு பேரும் முன்னாடி ஏறணும். கயிறு தொய்ஞ்சா யாரோ உள்ளே நெருங்கிட்டான், விறைச்சா யாரோ விலகிட்டான். ஒரு நாளைக்கு 15 நிமிசம், ஆறு வாரம். அப்புறம் கயிறு வேண்டாம். ஆனா இதையெல்லாம் எந்த டீமுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்? ஆறு வாரம் சேர்ந்தே நிக்கிற டீமுக்கு. சாயங்காலம் வேனில் வந்து இறங்கி ராத்திரி பைசா வாங்கிட்டுப் போற நாலு கெஸ்டை வச்சு இதை யாரு பண்ண?

"பைசா இருந்தா எல்லாம் வரும்"னு ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, பெரின்னு இங்கிலாந்தில் ஒரு கிளப்பு, மான்செஸ்டருக்குப் பக்கத்தில். 1885-ல் தொடங்கினது. 1900-லும் 1903-லும் இங்கிலாந்தோட பெரிய நாக்அவுட் கப்பான எஃப்.ஏ. கப்பு எடுத்தது. 1903 ஃபைனலில் டெர்பி கவுண்டியை 6-0 அடிச்சாங்க. அப்புறம் கீழ் டிவிஷனில் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கிடந்தாலும் 1894-லிருந்து விடாம லீக் ஆடின ஊரு. 2019-ல் நாலாம் அடுக்கிலிருந்து மூணாம் அடுக்குக்கு ஏறினாங்க. ஊரே கொண்டாடுச்சு. அதே வருசம் ஆகஸ்ட் 27-ல் லீக்கிலிருந்தே வெளியே தூக்கிட்டாங்க. வரவுக்கு மேல சம்பளம் பேசி பெரிய பெரிய ஆளா இறக்கினது, கடைசியில் மேல ஏத்திக்கொடுத்த அந்த வீரர்களுக்கே சம்பள பாக்கி. அந்த வருசத்து வெற்றிதான் அந்த ஊருக்கு வினையாச்சு. 2023-ல் ரசிகர்கள் ஒண்ணுகூடி கிளப்போட பழைய கிக் லேன் மைதானத்துக்கே திரும்பி, ஒன்பதாம் அடுக்கிலிருந்து மறுபடி ஆட வந்தாங்க. 6-0 ஜெயிச்ச ஊரு ஒன்பதாம் அடுக்கில் நிக்க வெட்கப்படலை. நமக்கு கீழ் டிவிஷன் வெட்கமா இருக்கு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம்னா சென்னை சிட்டி கிளப்பைப் பாருங்க. 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஐ-லீக், அதான் நாடு முழுக்க உள்ள கிளப்புகள் ஆடுற லீக், சாம்பியன். 2021 டிசம்பரில் தொடங்கின ஐ-லீக்கில் அந்தப் பேரே இல்லை. கப்பு கிளப்பைக் காப்பாத்தும்னு யாராவது சொன்னா இதைக் காட்டுங்க.

அந்த கிளப்போட சட்டையில்தான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜை நாடு பார்த்தது. அங்கேயிருந்து ஜம்ஷெட்பூர் கிளப்பு, அப்புறம் கொல்கத்தாவோட ஏ.டி.கே. 2019-20-ல் ஏ.டி.கே. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) எடுத்தபோது அந்த டீமில் அவர் இருந்தார். திருவிழா கிரவுண்டில் அவரை மாதிரி கால் உள்ள பயலுவ இன்னும் இருக்கானுவ, நான் மறுக்கலை. ஆனா பெரிய கிளப்புக்காரன் கேட்கிறது பதிவு, லீக் ஆட்டம். செவன்ஸில் போட்ட கோலை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது.

பதிவுன்னதும் ஞாபகம் வருது. சி.ஆர்.எஸ்.-ல், அதான் கால்பந்து சங்கத்தோட ஆன்லைன் பதிவில், பிளேயரை ஏத்துறது ஏதோ பெரிய வேலைன்னு பயந்துதான் பாதிப் பேர் ஒதுங்குறாங்க. ஆதார், பிறப்புச் சான்றிதழ், வெள்ளை பேக்ரவுண்டில் ஒரு போட்டோ, இவ்வளவுதான் முக்கியம். நம்ம பக்கம் சிக்கல் வர்றது பேரில். ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, பள்ளிக்கூடப் பேரு ஒண்ணு, ஆதாரில் அப்பா பேரு முன்னாடி, சான்றிதழில் பின்னாடி. ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவான். அதனால லீக் அறிவிப்பு வர்றவரை காத்திருக்காம மூணு மாசம் முன்னாடியே ஆதாரைத் திருத்தணும். இன்னொண்ணு, ஒரு கிளப்பில் பதிவு நடப்பில் இருக்கிறவன் என்.ஓ.சி. (அந்த கிளப்போட ஆட்சேபணை இல்லைங்குற கடிதம்) வாங்காம வேற கிளப்புக்கு ஆட முடியாது. போன வருசம் நம்ம மூணு பயலுவ வெளியே உட்கார்ந்தது இதனாலதான். கோச்சுக்குப் பிடிக்காம உட்கார வச்சாருன்னு பரப்பினது பொய்.

இப்போ நீங்க கேட்பீங்க, "பயலுவளே செவன்ஸுக்குத்தான் போறானுவ, ஆட்டத்துக்குக் கையில பைசா கிடைக்குது, லீக்கில் என்ன கிடைக்கும்?" இந்தக் கேள்விக்கு முன்னாடி நான் தலையைக் குனியுறேன். வீட்டில் கடன் இருக்கிறவன்கிட்ட போய் ஊருக்காகச் சும்மா ஆடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவன் போகட்டும், சம்பாதிக்கட்டும். லீக் ஆட்டம் உள்ள நாளில் மட்டும் வரட்டும், கால் அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவை கிளப்பு ஏத்துக்கணும். இதைப் போன பொதுக்குழுவிலேயே எழுதிக்கொடுத்தாச்சு. நாலு கெஸ்ட் மூணு ஆட்டம் ஆடினா ஆகுற செலவில் நம்ம 22 பேருக்கும் சீசன் முழுக்க வண்டி வாடகையும் மத்தியானச் சாப்பாடும் நடக்கும். கணக்கு நோட்டு திறந்துதான் இருக்கு, வந்து கூட்டிப் பாருங்க.

"ஊரு மானம்"னு சொல்றவங்களுக்குப் பதில் சொல்லவே எனக்கு மனசில்லை. வேற ஜில்லாக்காரன் காலால் வாங்குற கப்பில் நம்ம ஊரு மானம் எங்கே இருக்கு? பக்கத்து ஊரு கெஸ்டை வச்சு கப்பை வாங்கி மைக்கில் பேசினபோது அந்த நாலு கெஸ்டுக்கும் அந்த ஊரு பேரையே சரியாச் சொல்ல வரலை. அந்த ஊருக்காரங்க அதுக்குக் கைதட்டினாங்க, நாமளும் அப்படி ஆகணும்னு கேட்கிறீங்க.

"ஆளே சரியா வர்றதில்ல"ன்னும் வருத்தம். ஆழ்கடலுக்குப் போறவன் வாரக்கணக்கில் வெளியே கிடப்பான். மேற்குக் கடல் தடைக்காலம் ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரை. அந்த 61 நாளில்தான் முழு டீமும் கரையில் இருக்கும். அதே நேரம்தான் மழை. அதனால அந்த ரெண்டு மாசத்துக்கு கிரவுண்டைத் தயார் பண்ணி வைக்கிறதுதான் கமிட்டியோட முதல் வேலை. அதைச் செய்ய எத்தனை பேர் வந்தாங்கன்னு நான் இங்கே எழுதணுமா?

காத்து மணலை கோல் போஸ்ட் அடியில் குவிச்சிருக்கு. உயரம் 2.44 மீட்டர் இருக்கணும், போன மாசம் டேப் வச்சுப் பார்த்தா 2.30 கூட இல்லை. நம்ம கோலி ரெண்டு வருசமா குட்டைப் போஸ்டில் பழகிட்டு லீக் கிரவுண்டுக்குப் போனா மேல வர்ற பந்து தலைக்கு மேல போகாம என்ன செய்யும்? மணலை வெட்டி எடுத்துட்டு மட்டம் பார்த்துதான் அளக்கணும். இரும்புக் குழாய் உப்புக் காத்தில் மணலைத் தொடுற இடத்தில்தான் முதலில் அரிக்கும். மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும், அடியில் விரல் நுழையும். அந்த ஒரு அடியைச் சுரண்டி ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் அடிச்சு, கான்கிரீட்டைத் தரைக்கு மேல நாலு விரல் உயர்த்தணும். வலைக்குப் பழைய நைலான் வலை போதும், ஆனா வெயிலில் பொடிஞ்சதா பார்த்துக் கட்டணும், கையில் முறுக்கினா தூள் வந்தா வேண்டாம்.

போன வாரம் வலை தேடி ஸ்டோர் ரூமைத் திறந்தபோது பழைய பதிவு நோட்டு கிடைச்சது. நீலக் கோடு போட்ட நீள நோட்டு, ஓரமெல்லாம் கரையான். 2017 சீசன் பக்கத்தில் 19 பேரு. ரெண்டு பேருக்கு எதிரே யாரோ சிவப்பு மையில் சின்னதா குருசு போட்டிருக்காங்க. 2017 ஒக்கிப் புயலில் கடலில் போனவங்க. அதில் ஒருத்தர் லெஃப்ட் பேக். அவர் பேருக்கு நேரே சீசன் சந்தா கட்டினதுக்கு டிக் இருக்கு, ஆடின ஆட்டம் 6-ன்னு எழுதியிருக்கு. கீழ் டிவிஷன் ஆட்டம்தான், தோத்ததும் இருக்கு. அவரோட பிள்ளை இப்போ நம்ம அண்டர்-15-ல் அதே இடத்தில் ஆடுறான். கலைச்சிருங்கன்னு பேசினவர் இந்த நோட்டை ஒருதரம் வந்து பார்க்கணும்னு கேட்டுக்கிறேன். கோபத்தில் கேட்கலை.

கடைசியா இன்னொரு கிளப்பு. 2002-ல் லண்டன் விம்பிள்டன் கிளப்பை ஊரை விட்டு மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தபோது, அந்த ஊருக்குன்னு மறுபடி ஒரு கிளப்பு தொடங்குறது கால்பந்தோட பொதுநலனுக்கு ஒத்துவராதுன்னு விசாரணைக் குழுவே எழுதி வச்சது. ரசிகர்கள் ஊருப் பொது மைதானத்தில் யார் வேணும்னாலும் வாங்கன்னு கூப்பிட்டு டிரயல் வச்சு, ஒன்பதாம் அடுக்கில் தொடங்கினாங்க. 2011-ல் நாலாம் அடுக்குக்கே, அதான் ஃபுட்பால் லீக்குக்கே, ஏறிட்டாங்க. கெஸ்ட் இறக்கி ஏறலை. வருசா வருசம் லீக் ஆடி ஏறினாங்க.

கைதட்டின 34 பேரில் பாதிப் பேர் என் தம்பிமாரு, எனக்கு உங்க மேல வருத்தம் இருக்கு, பகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் கிரவுண்டில் லைன் போடுறோம். மூலைக்கு 3 மீட்டர், 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் கயிறு கட்டித்தான் மட்டம் பிடிக்கணும், கண் அளவு வேண்டாம். தயவுசெய்து யாரும் நீத்துச் சுண்ணாம்பு கொண்டு வராதீங்க, போன வருசம் மழையில் நனைஞ்சு ஒருத்தன் முட்டி வெந்துபோச்சு. சாக் பவுடர் ரெண்டு மூட்டை வாங்கி வச்சிருக்கு. மண்வெட்டி உள்ளவங்க மண்வெட்டி, ஆதார் திருத்த வேண்டியவங்க ஆதார் கொண்டு வாங்க.