காலை எங்கே வைத்திருந்தான்?

சின்ன வயதில் மதில் சுவரிலிருந்து குதித்து, முழங்காலை மடக்காமல் விறைப்பாகத் தரையிறங்கியவர்களுக்குத் தெரியும், குதிகாலில் விழுந்த அடி மண்டை வரைக்கும் ஜிவ்வென்று ஏறும். அங்கே நாம் தரையை நோக்கிப் போகிறோம். கவச வண்டிக்கு அடியில் கண்ணிவெடி வெடித்தால் தரை நம்மை நோக்கி வருகிறது, அதுவும் சில மில்லிசெகண்டுகளில். கண் இமைக்கவே அதைவிட நேரம் பிடிக்கும். ஆகவே சுதாரித்துக் காலைத் தூக்கிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை, கால் எப்படி இருந்ததோ அப்படியே அடி வாங்கும். அப்படி முறிந்த பிறகு, "காலை எங்கே வைத்திருந்தான்?" என்று சிப்பாயையே குறை சொல்பவர்கள் உண்டு.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கவசத்தின் தடிமனைத்தான் பேசுகிறார்கள். அடிப்பாகம் தட்டையான ஹம்வீ என்ற ராணுவ ஜீப் மோசம், 2007-க்குப் பிறகு அமெரிக்கா அவசர அவசரமாக வாங்கிக் குவித்த எம்ராப் என்ற கண்ணிவெடி தாங்கும் வண்டி நல்லது. சரிதான். அடிப்பாகம் 'வி' வடிவில் இருந்தால் வெடியின் வேகம் பக்கவாட்டில் சிதறிப் போகும். தென்னாப்பிரிக்கர்கள் காஸ்பிர் என்ற கவச வண்டியில் இதை அதற்கு வெகு முன்பே செய்து காட்டிவிட்டார்கள். உயிர்கள் பிழைத்தன. ஆனால் தகடு கிழியாமல், ஒரு சில்லுகூட உள்ளே வராமல், குதிகால் எலும்பு நொறுங்கிப்போன ஆட்கள் வெளியே வந்தார்கள். தரைத்தகடு மேல்நோக்கி எகிறி அடித்ததுதான் காரணம். இரண்டாம் உலகப் போரில் கப்பலுக்கு அடியில் வெடித்தபோது மேல்தளத்தில் நின்ற மாலுமிகளுக்கும் இதே காயம்தான். அதற்கு 'டெக் ஸ்லாப்' என்று பெயர் இருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வெடிக்காயங்களை ஆராய்பவர்கள் அந்தப் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். குதிகால் அப்படி நொறுங்கினால் ஒட்டவைப்பது லேசில்லை. தீராத வலியோடு பல மாதம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் காலை எடுத்தவர்கள் உண்டு.

இனி கால் இருக்கும் நிலைக்கு வருகிறேன். உட்கார்ந்து முழங்காலை மடக்கியிருந்தால் குதிகாலும் கணைக்காலும் அடி வாங்கும், ஆனால் தொடை மேலே எழும்ப இடம் இருப்பதால் கால் எகிறித் தப்பிக்கக் கொஞ்சம் வழி உண்டு. முழங்காலைப் பூட்டி நேராக நின்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும். மேலே உடம்பு முழுக்க அமர்ந்திருக்க, அடி தொடை, இடுப்பு, முதுகெலும்பு என்று ஏறிக்கொண்டே போகும். இருக்கைக்கு அடியில் காலை இழுத்து வைத்துக்கொண்டாலோ வேறு வம்பு, அதிர்ச்சியைத் தாங்குவதற்காகக் கீழே இறங்கும்படி செய்த இருக்கை அந்தக் காலின்மேலேயே இறங்கும். ஆகப் பாதுகாப்பானது, பாதம் தரையைத் தொடாமல் இருப்பது. இருக்கையோடு சேர்ந்து தொங்கும் கால்தாங்கி அதற்காகத்தான்.

எனக்குக் கடுப்பாவது சோதனை முறைதான். சோதனைப் பொம்மை முதுகு நிமிர்த்தி, முழங்கால் தொண்ணூறு டிகிரியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். பல காலம் அந்தப் பொம்மையும் கார் மோதலுக்காக 1970-களில் செய்த ஹைப்ரிட் 3 தான். நேட்டோ கணக்கில் அதன் கணைக்காலில் ஏறும் விசை 5.4 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் பாஸ். சுமார் 550 கிலோ எடைக்குச் சமம் அது. அந்த வரம்புக்கே பத்தில் ஒருவருக்குக் கால் காயப்படும் என்றுதான் கணக்கு. பொம்மை உட்கார்ந்த மாதிரி எந்தச் சிப்பாய் உட்காருவான்? பையும் தண்ணீர்க் கேனும் காலடியில் கிடக்க, மணிக்கணக்கில் குலுங்கும் வண்டியில் தூங்கி வழிபவன் காலை நீட்டத்தான் செய்வான். ஓட்டுநருக்கு அந்தத் தேர்வுகூடக் கிடையாது, பெடலிலிருந்து காலை எடுத்தால் வண்டி எப்படி ஓடும்? ஆகவே "கால்தாங்கியில் வைக்கவில்லை, அதனால் முறிந்தது" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. காலை எங்கே வைத்தாலும் தாங்குகிற மாதிரி தரை முழுக்க அதிர்ச்சி உறிஞ்சும் விரிப்பைப் போடுங்கள், நீட்டிய காலையும் வைத்துச் சோதனை பண்ணுங்கள், அப்புறம் சிப்பாயிடம் ஒழுக்கம் பேசலாம்.

இத்தனைக்கும் கூரை ஓட்டை வழியாகத் துப்பாக்கியோடு தலை நீட்டி நிற்பவனை இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ரிமோட்டில் சுடும் துப்பாக்கி பொருத்திய வண்டிகளில் அவனும் உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டான், மற்ற வண்டிகளில் இன்னும் நின்றுகொண்டுதான் போகிறான்.