“எவ்வளவு கொடுத்தாங்க?” என்று கேட்ட பெரியவருக்கு

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வீட்டில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். பள்ளிபாளையத்துக் கிட்னி வியாபாரம் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் என் பக்கம் திரும்பி, “உன் தம்பிக்கு எவ்வளவும்மா கொடுத்தாங்க?” என்றார். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

தம்பியின் உறுப்புகளைத் தானமாகத் தந்தோம். நாங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

பள்ளிபாளையத்தில் நடந்தது வேறு. கடனில் தவித்த விசைத்தறித் தொழிலாளிகளிடம், உயிரோடு இருப்பவர்களிடம், புரோக்கர்கள் கிட்னி வாங்கினார்கள். என் தம்பி விபத்தில் மூளைச்சாவு அடைந்தவன். மூளை திரும்ப வராதபடி அடியோடு நின்றுபோனால் அதுவும் சாவுதான். இப்படி இறந்தவர்களிடமிருந்து கிட்னி கிடைக்கக் கிடைக்கத்தான் அந்தப் புரோக்கர்களுக்குப் பிழைப்பு போகும்.

சந்தேகம் ஏன் வருகிறது என்பதும் தெரியும். கிட்னி விற்றவர்களால் சென்னை வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என்று சொன்ன ஊர் இது. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் நடந்த கிட்னி விற்பனையும் மறக்கவில்லை. அதனால்தான் மருத்துவர் அமலோற்பவநாதனைப் பற்றிச் சொல்கிறேன். 2008 என்றால் எல்லோருக்கும் மகனின் உறுப்புகளைத் தந்த திருக்கழுக்குன்றம் மருத்துவத் தம்பதியும், தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போன இதயமும் நினைவுக்கு வரும். ரத்தநாள அறுவை மருத்துவரான அமலோற்பவநாதன் அந்தக் காலத்தில் மாநில உறுப்பு மாற்றுத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். காத்திருப்போர் பட்டியல், யாருக்கு முதலில் என்ற வரிசை, எந்த மருத்துவமனைக்கு எது என்ற விதி... கைதட்டல் கிடைக்காத வேலை. ஆனால் அதுதான் வேலை. 1994இலேயே உறுப்பு மாற்றுச் சட்டம் வந்துவிட்டது. அதை மருத்துவமனைகளில் நடக்கிற காரியமாக்க ஒருவர் உட்கார்ந்து பாடுபட வேண்டியிருந்தது.

“டாக்டருங்க எல்லாம் நல்லவங்களா?” என்பீர்கள். இல்லை. அதனால்தானே விதி! மூளைச்சாவுதான் என்று நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பை எடுக்கும் மருத்துவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. குறைந்தது 6 மணி நேரம் விட்டு இரண்டாவது முறை சோதிக்க வேண்டும். இங்கே தானமாக வந்த இதயம் வெளிநாட்டினருக்குப் போனது பற்றி 2018இல் எழுந்த கேள்வி நியாயமானது, கேளுங்கள். அதை அரசிடம் கேளுங்கள். மகனைக் கொடுத்த வீட்டில் வந்து கேட்காதீர்கள்.

அந்த 6 மணி நேரம் உங்களுக்கு ஒரு விதி. எங்களுக்கு அது ஐசியூ வாசல் பெஞ்ச். “உடம்பு சூடா இருக்கே, நெஞ்சு ஏறி இறங்குதே” என்று அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினார். வென்டிலேட்டர்தான் மூச்சு விடுகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது சோதனையும் முடிந்த பிறகுதான் எங்களிடம் கேட்டார்கள். ‘முடியாது’ என்றாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். அப்பாதான் தலையசைத்தார்.

இதையெல்லாம் பந்தியில் வைத்து எப்படிச் சொல்வேன்? நீங்கள் கேட்டது என் காதில் மட்டும் விழவில்லை. பக்கத்து இலையில் அம்மா இருந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, “அந்த ரெண்டாவது டெஸ்ட் எத்தனை மணிக்கு எடுத்தாங்க?” என்று மட்டும் கேட்டார். முன்பு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பதினொன்று பத்துக்கு என்று மறுபடியும் சொன்னேன்.