அந்தக் கைதட்டல்

சனிக்கிழமை எங்கள் ஊர் விழா வீடியோவைப் பார்த்திருப்பீர்கள், மறுபடி பகிரப் போவதில்லை. "இருபது வருஷமா ஒரு மேசையில லேசர் அடிச்சா ஊருக்கு என்ன பிரயோஜனம்?" என்று சிறப்பு விருந்தினர் என்னைக் கேட்டதுகூடப் பரவாயில்லை. அதற்கு எழுந்த கைதட்டல்தான் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

மேசை என்றது சரிதான், என் இயற்பியல் ஆய்வு முழுக்க அதன் மேல்தான். உலோகத்தின் மேல் லேசர் துடிப்பு, அதாவது மிகக் குறுகிய ஒளிக்கீற்று, பட்டால் முதலில் எலக்ட்ரான்கள் சூடாகும். அணுக்கள் அதற்குப் பிறகுதான். இடைவெளி ஏறக்குறைய ஒரு பிகோ விநாடி, அதாவது விநாடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு. ஒரு துடிப்பால் தட்டி எழுப்பிவிட்டு, இன்னொன்றைக் கொஞ்சம் தாமதமாக அனுப்பிப் பார்ப்போம். இரண்டாவது துடிப்பைத் திருப்பும் கண்ணாடியை ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பின்னுக்கு நகர்த்தினால் சுமார் 7 ஃபெம்டோ விநாடி தாமதம். ஃபெம்டோ என்பது பிகோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நடுராத்திரியில் ஏசி நின்று அறை சூடானால் அன்றைய அளவு எல்லாம் குப்பை.

பிரயோஜனம் கேட்பவர்களே, இயற்பியலாளர் ஆன் லூலியே பிரான்சில் ஆர்கான் வாயுவில் லேசரின் உயர் ஹார்மோனிக்குகளை, அதாவது லேசரைவிடப் பல மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளியை, பார்த்தது 1987-ல். அவை அட்டோ விநாடித் (ஃபெம்டோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துடிப்புகளாக வருவதை இயற்பியலாளர் பியர் அகஸ்தினியின் குழு அளந்து காட்டியது 2001-ல். நடுவில் பதினான்கு வருஷம்! அப்போது அந்த அம்மாவை மேடையேற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 2023-ல் நோபல் வந்ததும் வாழ்த்துப் பதிவு போட்டவர்களும் இதே ஆட்கள்தான்.

"அவருக்கு நோபல், உனக்கு?" என்பீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. அப்புறம்?

"மக்கள் வரிப்பணம்" என்று ஒரு நண்பர். சரி, நியாயம். அந்தப் பந்தலும் பொன்னாடையும் யார் பணம்?

இன்று பார்வைக் குறையைச் சரிசெய்யக் கண்ணுக்குச் செய்யும் ஃபெம்டோ லேசிக் என்ற லேசர் சிகிச்சை எப்படி வந்தது தெரியுமா? 1990-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் லேசர் தவறிப் பட்டதிலிருந்து. பாருங்கள், நானும் பிரயோஜனப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். இதற்குத்தான் எரிச்சல்.

நான் முனைவரானதும் அப்பா ஊரெல்லாம் "பையன் லேசர் டாக்டர்" என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்குப் போனால் புரை விழுந்த கண்ணோடு இரண்டு பேர் திண்ணையில். கடைசி வரை நான் திருத்தவில்லை. அவரும் ஒருநாள்கூடப் பிரயோஜனம் கேட்டதில்லை. "ராத்திரி வேலையாப்பா, சாப்பிட்டியா" என்பார், அவ்வளவுதான்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முன்வரிசையில் முதலில் கை தட்டுவது என் சித்தப்பா.