மூடி 'டக்' என்று இறுகினால் போதாது

தம்பி, வாவி இறாலை மஞ்சளும் உப்பும் போட்டுப் போத்தலில் அடைத்து, அரை மணி நேரம் கொதிதண்ணீரில் அவித்து மூடினால் ஒரு வருடம் கெடாது, அது அம்மம்மா காலத்து முறை என்று எழுதியிருக்கிறீர். எங்கள் அம்மம்மா மட்டக்களப்பில் போத்தலில் அடைத்தது தேசிக்காயைத்தான். வாயில் வெள்ளைத் துணி கட்டி முற்றத்து வெயிலில் வைப்பார், தோலில் உப்பு பூத்து நிற்கும். இறாலைக் காய வைத்துவிடுவார்.

தேசிக்காயின் புளிப்புக்கு (புளிப்பை அளக்கும் பிஎச் 4.6க்குக் கீழே; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமி வளராது. இறாலில் அந்தப் புளிப்பு இல்லை. கொதிநீர் 100 பாகைக்கு மேல் போகாது, கிருமியின் வித்துகள் அதைத் தாங்கும். அவற்றைக் கொல்ல 121 பாகை அளவுக்கு அழுத்தச் சூடு வேண்டும். மூடி இறுகிக் காற்றில்லாமல் போனால் அந்தக் கிருமிக்கு இன்னும் வசதி!

கெட்டால் மணத்திலே தெரியும் என்றதும் பிழை. அந்தக் கிருமியின் நஞ்சுக்கு மணமில்லை, நிறமில்லை. சோறு கறி வைக்கிற பிரஷர் குக்கரும் சரிவராது, அது சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும். அவித்த போத்தல் இன்னும் அலுமாரியில் இருந்தால் ருசி பார்க்காமல் எறிந்துவிடும்.