தோழி "அழகு" என்றால் குடும்ப மானம் போய்விடுமா?

பதினெட்டாம் பெருக்கன்று நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை; நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். என் அக்காள் மகள் கும்பகோணத்துப் படித்துறையில் காப்பரிசித் தட்டோடு நின்ற படத்தைப் போட்டாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் "அழகிடீ", "செம" என்று எழுதி இதயக்குறி இட்டார்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "குடும்பப் பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்ட பெரியவரிடம்தான் எனக்குப் பேச்சு.

தோழியைத் தோழிகள் அழகு என்றார்கள். நடந்தது அவ்வளவுதான்.

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் நாகேசுவரன் கோயிலுக்கு அழைத்துப்போய், கருவறையின் வெளிச்சுவரில் 1,100 ஆண்டுகளாக நிற்கும் சோழர் காலத்துப் பெண் சிற்பங்களைக் காட்டி, "அந்த முகக்களையைப் பாருங்கள், அந்த நிற்கும் ஒயிலைப் பாருங்கள்" என்று அரை மணி நேரம் உருகுகிறவரும் இதே பெரியவர்தாம். கல்லுப் பெண்ணுக்குச் சொல்லலாம். கல்லூரிப் பெண்ணுக்குச் சொல்லக் கூடாதாம்.

படிப்பைப் பாராட்டலாமே என்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை அவள் போட்டபோது முதலில் வாழ்த்தியவர்களும் இதே பிள்ளைகள்தாம். நீங்கள் ஒரு விருப்பக்குறிகூட இடவில்லை. பையன்களும் எழுதியிருக்கிறார்களே என்பீர்கள். ஆம், இரண்டு பேர். அதற்கென்ன? படத்தை எவனாவது தவறாகப் பயன்படுத்தினால் என்பீர்கள். அந்த அச்சம் நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படிதான் அவள் போட்டிருந்தாள். உறவாயிற்றே என்று நம்பி உங்களையும் அதில் சேர்த்திருந்தாள். அந்த வட்டத்துக்கு வெளியே படத்தைக் கொண்டுபோனவர் நீங்கள் ஒருவர்தான். கண்ணேறு படும் என்றால், உப்பும் மிளகாயும் சுற்றிப்போட என் அம்மா இருக்கிறார்.

என் பத்தொன்பதாம் வயதில் மாயவரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், கேசரியைத் தின்றுகொண்டே, "கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். கூடத்தில் இருந்த இருபது பேரில் ஒருவருக்கும் குடும்ப மானம் நினைவுக்கு வரவில்லை. கொல்லைக் கிணற்றடிக்கு வந்து, அழுத என் முகத்தைக் கழுவிவிட்டு, "நீ அழகுடி" என்று சொன்னவள் பக்கத்து வீட்டுத் தோழி. அவள் சொன்னது பொய்யாகவே இருந்திருக்கட்டும்; அன்றிரவு நான் தூங்கியது அந்தச் சொல்லால்தான். ஆனாலும் முப்பது ஆண்டு கழித்து, கேசரி வாசம் வந்தால் முதலில் காதில் விழுவது அந்தத் தீர்ப்புதான்.

இளைத்துவிட்டாய், பெருத்துவிட்டாய், முகத்தில் என்ன பரு, வெயிலில் நிறம் போய்விட்டதே என்று நம் வீடுகளில் ஒரு பெண்ணிடம் சொல்லாத நாள் உண்டா? குறை சொல்ல ஊருக்கே உரிமை இருக்கிறது. நன்றாக இருக்கிறாய் என்று சொல்ல மட்டும் உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

அவள் அந்தப் படத்தை அழித்துவிட்டாள். இப்போது முகப்பில் நுங்கும் நுரையுமாக ஓடும் காவிரியை வைத்திருக்கிறாள். அதன் கீழே முதல் ஆளாக "அருமை" என்று எழுதியிருப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.