மாசம் பதினஞ்சாயிரம் ராண்ட் வாங்கினா பணக்காரங்களா?

நினைச்சாலே வயிறு எரியுது. புருஷன் கிடங்கில 15,000 ராண்ட், பொண்டாட்டி ஆபீஸ்ல 15,000 ராண்ட். வரி பிடிக்கிறதுக்கு முந்தின சம்பளம் இது. வருஷத்துக்கு 3,60,000. இங்க தென்னாப்பிரிக்காவில பல்கலைக்கழகப் படிப்புக்கு அரசு தர்ற இலவச உதவிக்குக் குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 3,50,000. பத்தாயிரம் தாண்டிட்டாங்களாம், பிள்ளைக்கு ஒரு சென்ட் கிடையாது! டர்பன்ல நம்ம இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வர்த்தில இப்படி மாட்டிக்கிட்ட குடும்பங்கள் ஒண்ணு ரெண்டு இல்ல.

அந்த வரம்பு 2018-ல வந்தது. ரொட்டி ஏறிச்சு, கரண்ட் ஏறிச்சு, பெட்ரோல் ஏறிச்சு, வரம்பு அப்படியே நிக்குது. ஒத்தைப் பிள்ளை வீட்டுக்கும் அதேதான், ரெண்டு பேரை ஒண்ணாப் படிக்க வச்சு, படுக்கையில கிடக்கிற மாமியாரையும் பார்த்துக்கிற வீட்டுக்கும் அதேதான். 6,00,000 வரைக்கும் உள்ளவங்களுக்கு 2024-ல ஒரு திட்டம் அறிவிச்சாங்க. அது கடன். வேலை கிடைக்கும் முன்னாடியே பிள்ளை தலையில கடன்.

ஏன் உதவி இல்லைன்னு அதிகாரிகளைக் கேட்டா, "நீங்க மிடில் கிளாஸ், சமாளிச்சுக்குவீங்க." யார் வச்ச அளவு அது? 2013-ல ஜஸ்டின் விசாகி என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். 2008 விலைவாசிப்படி, நாலு பேர் குடும்பத்துக்கு வரி போக மாசம் 1,520-லிருந்து 4,560 ராண்ட். நாட்டை வருமானப்படி வரிசையா நிக்க வச்சா நடுவில வர்றவங்க அவங்கதான். வசதியை வச்சு 'மிடில் கிளாஸ்'னு சொல்லப்படுறவங்க வருமானமோ மாசம் 5,600-லிருந்து 40,000 வரைக்கும். 5,600-ம் 40,000-மும் ஒரே வர்க்கமா? ஒரு மாசம் சம்பளம் நின்னா வாடகைக்குத் திண்டாடுறவரும், மூணு வருஷம் உட்கார்ந்து சாப்பிடக்கூடியவரும் ஒண்ணா?

நம்ம ஜனங்களும் இதுக்கு உடந்தை. முதியோர் உதவித்தொகையில காலம் தள்ளுற அத்தையைக் கேளுங்க, "நாங்க நடுத்தரம்பா" என்பாங்க. ரெண்டு கார் வச்சிருக்கிற டாக்டரும் அதையேதான் சொல்வார். அவங்கவங்க தெருவைப் பார்த்துத்தானே அளக்கிறோம்? 1950-ல குரூப் ஏரியாஸ் சட்டம் போட்டு இனம் இனமாப் பிரிச்சுக் குடியமர்த்தின ஊரில, பக்கத்து வீட்டைத் தாண்டி வேற எதை வச்சு அளப்போம்? அந்த வாய்வார்த்தையை நம்பி உதவியை வெட்டுறது அநியாயம்.

ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கிறதில கை வைக்கச் சொல்லல. தலைக்கு எவ்வளவுன்னு வருமானத்தைப் பாருங்க. விலைவாசியோட வரம்பையும் வருஷா வருஷம் ஏத்துங்க. 3,50,001 ஆனதும் மொத்தமா அறுக்காம, வருமானம் கூடக் கூட உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க.